முதுமைக்குத் துணையாவது யாது?

மக்கள் யாக்கையிற் பிறந்தார்க்கு மூப்பு வருதல் இயல்பு. மூப்பு வந்தவழிப் பிறர் துணை வேண்டப்படுதலும் இயல்பேயாம். ஆயின் அத்துணை எத்தன்மைத்தாதல் வேண்டும், எதனைக் கொடுப்பது மெய்த்துணை, எதனைப் பறிப்பது துணைபோலத் தோன்றும் இடையூறு என்னும் வினா எளிதில் விடுக்கப்படுவதன்று. உணவும் உறையுளும் மருந்தும் குறைவறக் கிடைக்கும் இடத்திலிருந்தும் உள்ளம் வாடிக் கிடக்கும் முதியோரைக் காண்கின்றோம்; அவை குறைந்த இடத்திலிருந்தும் முகமலர்ந்து வாழ்வாரையும் காண்கின்றோம். ஆகலின், வசதி வேறு, துணை வேறு என்பது தெற்றெனப் புலனாகும். அவ்வேறுபாட்டை ஆராய்ந்து துணிதலே ஈண்டு யாம் எடுத்துக்கொண்ட பொருள்.

முன்னாளில் முதியோர் பெரும்பாலும் தம் மனையிலேயே மக்களாற் பேணப்பட்டனர். மனையற்றோர் அறச்சாலைகளை அடைந்தனர். துறந்தோர் மடங்களில் வாழ்ந்தனர். இக்காலத்தோ இவ்வினா புதியதொரு வடிவிற் றோன்றியுள்ளது. மருத்துவமனையிற் கிடத்தற்குரிய நோயாளரும் அல்லர், தம்மை முற்றுந் தாமே பேணிக்கொள்ள வல்லாரும் அல்லர் என்னும் இடைநிலையினராய முதியோர் பலர், ஓரிடத்திற் கூடி, தத்தமக்கெனத் தனியறை கொண்டு, வேண்டுமளவு பணியாளர் உதவி பெற்று வாழும் இல்லங்கள் எழுந்துள்ளன. அவற்றை உதவிவாழ்வு இல்லங்கள் என யாம் கூறுவாம். அவை அமெரிக்க நாட்டிற் பெருகின. அந்நாட்டரசின் சுகாதாரப் புள்ளிவிவர நிலையம் 2020ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கின்படி, இவ்வகை இல்லங்கள் 30,000க்கு மேற்பட்டன. அவற்றுள் வாழ்ந்தோர் 8 இலட்சத்திற்கு மேற்பட்டோர். நம் நாட்டிலும், சிறப்பாகக் கோயமுத்தூரைச் சூழ்ந்த பகுதிகளில், இவற்றை ஒருவாறு ஒத்த முதியோர் குடியிருப்புக்கள் பல தோன்றியுள்ளன. ஆகலின் இது பிறநாட்டுச் செய்தி என்று ஒதுக்கற்பாலதன்று.

இவ்வில்லங்கள் எக்கருத்துப்பற்றித் தோன்றின என்பதை முதற்கண் அறிதல் நன்று. கெரன் பிரவுன் வில்சன் என்னும் அம்மையார், ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் 1983ஆம் ஆண்டு ஓர் இல்லந் திறந்தார். அவர்தம் தாயார் ஐம்பத்தைந்தாம் அகவையிலேயே பக்கவாதத்தால் வீழ்ந்து, மருத்துவ விடுதிகளில் நெடுநாள் கழித்தவர். அத்தாயார் விரும்பியது பெரிதொன்றன்று: சிறிய இடம், சிறிய அடுக்களை, தமக்குரிய சிலபல பொருள்கள், ஒரு பூனை, தாமே பூட்டிக்கொள்ளுங் கதவு, இயலாதவற்றைச் செய்து தர ஒருவர். மகளார் இதனை மனத்துட்கொண்டு அமைத்த இல்லத்தில், ஒவ்வொருவர்க்கும் பூட்டுடைய தனி வாயிலும், அடுக்களையும், குளியலறையும் இருந்தன. தம் பழைய கட்டிலையும் நாற்காலியையும் அவரவர் கொண்டுவரலாம். வளர்ப்பு விலங்குகளை உடன் வைத்துக்கொள்ளலாம். உணவும், மருந்தும், செவிலியும், அழைப்புப் பொத்தானும் அங்கு உண்டு. அவை மருத்துவ விடுதியிலும் உண்டு. வேறுபாடு கதவில் இருந்தது. விடுதியில் முதியவர் பிறர் இடத்தில் தங்கிய நோயாளர். பணியாளர் நினைத்தபோது உள்ளே புகுவர். இவ்வில்லத்திலோ பணியாளர் கதவைத் தட்டி, இசைவு பெற்றே உட்புகுதல் வேண்டும். முதியவர் மனைத்தலைவர், பணியாளர் அவர் மனைக்கு வந்தவர். இச்சிறு மாற்றத்துள் ஒரு பெரிய கொள்கை அடங்கியுள்ளதென்பதைப் பின்னர்க் காட்டுதும்.

இனி, அவ்வில்லங்களின் நாள்முறையை ஒருவாறு கூறுதும். காலையிற் பணியாளர் வந்து, எழுதற்குத் துணை வேண்டுவாரை எழுப்பி, நீராட்டி, உடையுடுத்தி, உணவு மண்டபத்திற்கு அழைத்துச் செல்வர். நாளொன்றுக்கு மூன்று வேளை உணவு. வேளைதோறும் இரண்டொரு வகையுள் வேண்டியதைக் கேட்டுப் பெறலாம். மருந்துகளை வேளை தவறாது எடுத்துக்கொடுத்து ஏட்டிற் குறித்துவைப்பாரும் உளர். முற்பகலில் நாற்காலியில் இருந்தபடியே செய்யும் உடற்பயிற்சி. பிற்பகலில் இசை, சீட்டாட்டம், நூல் வாசிப்பு, பின்னல் வேலை. வாரத்திற் சில நாள் கடைக்கும், வழிபாட்டிடத்திற்கும், மருத்துவரிடத்திற்கும் கொண்டுசெல்லும் வண்டி. துணி வெளுத்தலும் அறை துடைத்தலும் முடிதிருத்தலும் அங்கேயே நிகழும். நிலைப்படியற்ற வாயில்கள், சக்கர நாற்காலி திரும்புதற்கேற்ற அகன்ற வழிகள், குளியலறையிற் பிடித்துக்கொள்ளுங் கம்பிகள், வழுக்காத தளம், மின்தூக்கி, இரவெல்லாம் விழித்திருக்கும் காவற்பணியாளர் ஆகியன அவ்வில்லங்களின் அமைப்புக்கள். இவற்றைச் சிறியன என்று இகழ்தல் தகாது. பற்றிக்கொள்ள ஒரு கம்பி இல்லாமையால் வழுக்கி வீழ்ந்து, இடுப்பெலும்பு முறிந்து, பின் எழாது மடிந்த முதியோர் பலர். அக்கம்பியைப் பொருத்துதலும் அறமேயாம்.

இங்ஙனம் உதவப்படுவன எவை என்பதை மருத்துவ நூலார் வரையறுத்துள்ளனர். சிட்னி காட்ஸ் என்னும் மருத்துவரும் அவரொடு உழைத்தாரும் 1963ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், நீராடல், உடுத்தல், கழிப்பறை செல்லல், கட்டிலினின்று எழுந்து இடம்மாறல், மலசலங்களை அடக்கல், உண்ணல் என அன்றாடச் செயல்களை ஆறாக வகுத்தனர். இவை பெரும்பாலும் ஒரு முறைப்படியே நழுவுகின்றன என்பதும் அவர் கண்டது: நீராடும் வன்மை முதலிற் குறையும், தானே எடுத்துண்ணும் வன்மை இறுதிவரை நிற்கும். குழவி வளரும் முறையில் முந்தி வருவது, மூப்பிற் பிந்திப் போகின்றது. பின்னர் 1969ஆம் ஆண்டில் லாட்டன், பிராடி என்னும் இருவர், தொலைபேசி பயன்படுத்தல், பொருள் வாங்கல், சமைத்தல், மனை பேணல், துணி வெளுத்தல், பயணஞ் செய்தல், மருந்துண்டலைத் தாமே நடத்தல், பணத்தைக் கையாளல் என வேறெட்டைக் கூறினர். ஒருவர்க்கு இவற்றுள் எவை இயலும், எவை இயலா என்று அளந்தே, உதவிவாழ்வு இல்லத்தார் அவர்க்குரிய உதவியை வகுக்கின்றனர்.

இதுகாறும் கூறியவற்றால் பொருளின் இயல்பு விளங்கும். இனி வினாவுக்கு வருவாம். இயலாத செயல்களையெல்லாம் பிறர் செய்து கொடுத்து, இயலுவனவற்றையும் இடர் கருதித் தாமே மேற்கொண்டு, முதியவரை ஒரு குறையுமின்றி இருத்திவைத்தால், அது நிறைந்த துணையாகுமா?

ஆம் என்பாரே பலர். அவர் கூறுமாறு: “மூப்பாவது உழைத்துக் களைத்த உடல் ஓய்வுகொள்ளும் பருவம். அப்பருவத்தார்க்கு வேண்டுவது ஓய்வும் காவலுமே. விருப்பு வெறுப்புக்களைக் கேட்டுக்கேட்டு நடத்துதல் வீண். பலர் கூடி வாழும் இடத்தில் அது இயல்வதும் அன்று. எல்லாரும் ஒரே வேளையில் எழுந்து, ஒரே வேளையில் உண்டு, ஒரே வேளையிற் கிடப்பின் ஒழுங்கும் உண்டு, நலமும் உண்டு” என்பது.

அற்றன்று. என்னை? உயிர்க்கு இச்சை, அறிவு, செயல் என மூன்று ஆற்றல்கள் உண்டென்பதும், மலத்தான் மறைப்புண்ட அவை தனு கரண புவன போகங்களைத் துணைக்கொண்டு ஒருவாறு விளங்குகின்றன என்பதும் நம் நூல்களின் துணிபு. முதுமையிற் பெரும்பாலும் முற்படத் தளர்வன செயற்கருவிகள். உடுத்தலும் உண்டலும் கையின் தொழில். எழுதலும் இடம்மாறலும் காலின் தொழில். மலமடக்கலும் கழித்தலும் எருவாய் கருவாய்களின் தொழில். காட்ஸ் என்பார் ஆறு கூறாக அளந்தது, நம்மவர் கன்மேந்திரியம் என்றவற்றின் தளர்ச்சியையே என்க. கருவி தளர்ந்தவழி, அதனை நிறைத்தற்குப் பிறிதொரு கருவி வேண்டப்படும். கண்ணுக்குக் கண்ணாடியும், காலுக்குக் கோலும் போல, கைக்குப் பிறர் கையும் ஒரு கருவியாய் வந்து உதவலாம். ஆயின் இச்சை அத்தன்மைத்தன்று. செயலைப் பிறர் இரவலாகத் தரலாம். இச்சையை எவரும் இரவல் தருதல் இயலாது. ஒருவர் விரும்புதற்குரியதை மற்றொருவர் அவர்பொருட்டு விரும்பிக் கொடுத்தல் கூடாது. செயலைத் தாங்க வந்தவர் அதனோடு இச்சையையும் எடுத்துக்கொள்வராயின், குறைந்த ஒன்றை நிறைக்க வந்து குறையாத ஒன்றைக் கவர்ந்தவராவர். இதுவே வசதிக்கும் துணைக்கும் உள்ள வேறுபாட்டின் வேர்.

இஃது வெறுஞ் சொல்லளவையன்று, காட்சியளவையாலும் உறுதிப்படும். எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் உளநூலார் இருவர் 1976ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டுக் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் விடுதி ஒன்றில், ஒரு தளத்தாரை நோக்கி, ‘உங்கள் வாழ்வை நடத்தும் பொறுப்பு உங்களுடையது’ என்னுங் கருத்துப்பட எடுத்துரைத்து, அவரவர் விரும்பிய செடி ஒன்றைக் கொடுத்து, அதனைப் பேணும் பொறுப்பையும் அவர்பாலே வைத்தனர். மற்றொரு தளத்தாரிடம், ‘உங்கள் நலத்தைக் காக்கும் பொறுப்பு எங்களுடையது’ எனக் கூறினர்; அவர்க்கும் செடி கொடுக்கப்பட்டது; ஆனால் நீர் ஊற்றுவார் செவிலியர். மூன்று வாரங் கழித்து நோக்கியவழி, முன்னையோருள் 93 விழுக்காட்டினர் நலம் பெற்றிருந்தனர் எனவும், பின்னையோருள் 71 விழுக்காட்டினர் மேலுந் தளர்ந்திருந்தனர் எனவும் கணிக்கப்பட்டது. இருசாரார்க்கும் உணவு ஒன்றே, மருத்துவம் ஒன்றே. செடிக்கு நீர் ஊற்றுபவர் யார் என்பதிலேதான் வேறுபாடு கிடந்தது.

இதனோடு வைத்து எண்ணற்பாலது, ரிச்சர்டு ஷூல்ஸ் என்பார் அக்காலத்தே செய்த மற்றோர் ஆராய்ச்சி. முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்வாரைக் கல்லூரி மாணவர் சென்று கண்டு அளவளாவினர். மாணவர் வருங்காலத்தைத் தாமே குறிக்கப்பெற்ற முதியோரும், முன்கூட்டி அறியப்பெற்ற முதியோரும், ஏனையோரினும் நலமுற்றிருந்தனர். ஆராய்ச்சி முடிந்தது, மாணவர் வருகையும் நின்றது. 1978ஆம் ஆண்டு வெளிவந்த பின்னாய்வு கூறுவது யாதெனின், முன் நலமுற்ற அவர்களே பின்னர் மிகுதியாகத் தளர்ந்தனர் என்பது. ஆகலின், ஒருவர் கையிற் பொறுப்பைக் கொடுத்துப் பின் பறித்தல், கொடாமையினுங் கொடிதாதல் கூடும். உதவத் தொடங்குவார் நெஞ்சில் நிறுத்தற்குரிய செய்தி இது.

பில் தாமஸ் என்னும் மருத்துவரின் முயற்சியும் ஈண்டைக்குப் பொருந்தும். நியூயார்க் மாநிலத்து நியூ பெர்லின் என்னும் சிற்றூரில் இருந்த முதியோர் மருத்துவ விடுதிக்கு 1991ஆம் ஆண்டில் அவர் மருத்துவத் தலைவராய் இருந்தார். அங்கிருந்தாரை வருத்தியவை மூன்று என அவர் கண்டார்: தனிமை, கையறுநிலை, சலிப்பு. இம்மூன்றுக்கும் மருந்துப் பெட்டியில் மருந்தில்லை. எனவே அவர் நாய்களையும், பூனைகளையும், நூறு கிளிகளையும், செடிகொடிகளையும் அவ்விடுதியிற் புகுத்தினார். குழந்தைகள் வந்து விளையாடவும் வழிசெய்தார். பேசாதிருந்தோர் பேசத் தொடங்கினர். நடவாதிருந்தோர் நாயை உலாவக் கொண்டுபோக முன்வந்தனர். பிறரால் நாள்முழுதும் பேணப்படுவார்க்கும், தாம் பேணுதற்கு ஒன்று வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். கொள்வதே தொழிலாய்க் கொடுத்தலை இழந்த வாழ்வு, உயிர்க்குச் சுமையாகின்றது.

அங்ஙனமாயின் மெய்த்துணையின் இலக்கணம் யாது? அதற்கோர் அளவுகோல் நம் நூல்களிலேயே உள்ளது. கண் காணுதற்கு உயிர் உடனின்று காட்டல் வேண்டும். உயிர் அறிதற்கு இறைவன் உடனின்று காட்டியுங் கண்டும் உதவல் வேண்டும் என்பது சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்தாற் போதரும் பொருள். இவற்றைக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்ப. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று. இத்துணைப் பேருதவி நிகழ்ந்தும், காண்பது உயிரேயாய் நிற்கின்றது. உதவினமையால் உதவியவன் உயிரினிடத்தைக் கவர்ந்து, உயிரை வாளா கிடக்கச் செய்வதில்லை. இறைவன் உயிரோடு கலப்பினால் ஒன்றாயும், பொருட்டன்மையால் வேறாயும், செலுத்துதலால் உடனாயும் நிற்கின்றான் என்றதன் பயனும் இதுவே.

மனிதர் உதவியை இறைவன் உதவியோடு ஒப்பவைத்து உயர்த்துதல் எமது கருத்தன்று. உதவுதற்கு உயரிய முறை எது என்பதை அதனைக்கொண்டு அறிதலே கருத்து. முதியோர்க்கு உதவுவார் இருவகையாற் பிழைபடுவர். வேறாய் விலகி நிற்றல் ஒன்று. மணியோசைக்கு வந்து, மாத்திரையை நீட்டி, முகம் பாராது போகும் பணியாளர் செயல் அத்தன்மையது. ஒன்றாய் விழுங்குதல் மற்றொன்று. அன்பு மிகுதியாலேனும் விரைவு கருதியேனும், எல்லாவற்றையுந் தாமே செய்து முடித்து, முதியவரைச் செய்யப்படும் பொருளாக ஆக்கிவிடுவார் செயல் அத்தன்மையது. முன்னையதனைக் குற்றமென்று எல்லாரும் அறிவர். பின்னையதோ பேரன்பு என்று போற்றவும் படும். ஆகலின் பின்னையதே அஞ்சத்தக்கது. அன்பினால் ஒன்றாதல், ஆள்வகையால் வேறென்பதை மறவாமை, செயலின்கண் உடனாதல் என்னும் மூன்றும் ஒருங்கு கூடியதே மெய்த்துணை என்க.

இதனை ஓர் எடுத்துக்காட்டான் விளக்குவாம். கைந்நடுக்கமுடைய மூதாட்டியார் ஒருவர் தம் மேலாடையின் பொத்தான்களைத் தாமே பூட்டுதற்குக் கால்மணி நேரம் ஆகும் என்க. பணிப்பெண் பூட்டிவிடின் இரண்டு நொடியில் முடியும். அவள் இன்னும் எண்மரை உடுத்தல் வேண்டும். உணவு மணியும் அடிக்கப்போகின்றது. அவள் தானே பூட்டிவிடுகின்றாள். அன்று அது உதவியே. நாளும் அங்ஙனமே நிகழ்ந்தால், சில திங்களில் அம்மூதாட்டியார்க்குப் பூட்டும் வன்மை முற்றும் நீங்கும்; பின்னர் எவ்வாடை உடுப்பது என்று எண்ணும் வழக்கமும் நீங்கும். யாதொரு கொடுமையும் நிகழ்ந்திலது. யாரும் சினந்து பேசினாரிலர். ஆயினும் ஓர் உயிரின் இச்சைக்கு இருந்த சிறு வாயில் ஒன்று அடைக்கப்பட்டது. பணிப்பெண் பெரிய பொத்தான்கள் தைத்த ஆடையைத் தேடிக்கொடுத்து, மேலிரண்டை அவர் பூட்ட விட்டு, கீழிருப்பனவற்றைத் தான் பூட்டின், அதுவே உடனின்று உதவுதலாம். ஆயின், அதற்குக் காலம் வேண்டும். காலத்திற்கு ஆள் வேண்டும். ஆளுக்குப் பொருள் வேண்டும். இல்லத்தின் அறம், அதன் மண்டபத்தின் பளிங்குக் கல்லில் இல்லை; காலைப்பொழுதில் ஒரு பணியாளர்க்கு எத்தனை முதியோர் என்னுங் கணக்கில் இருக்கின்றது.

ஈண்டு ஒரு தடை எழும். “முதியவர் விருப்பின்படி விடுதல், அவரை இடரில் விடுதலாகாதோ? தனித்து உலாவ விரும்புவார் வீழ்வர், இனிப்பு விரும்புவார்க்கு நீரிழிவு மிகும்” எனின், கூறுதும். இடர் மெய்யே. ஆயின் இடரே இல்லாத வாழ்வு எப்பருவத்தார்க்கும் இல்லை. இளையோர் தாம் விரும்பியதன்பொருட்டு இடரை ஏற்றல் உரிமையெனப்படுகின்றது. முதியோர் அதனையே செய்யின் அறியாமையெனப்படுகின்றது. அறிவு தெளிந்திருக்கும் ஒருவரிடத்து, அவர் அகவை ஒன்றே காரணமாக அவ்வுரிமையை நீக்குதல் நடுவுநிலையன்று. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில், இன்ன இடர் உண்டென்பதை இல்லத்தார் எடுத்துரைத்து, முதியவர் அதனை உணர்ந்தேற்று, இருவரும் எழுத்தில் உடன்படும் முறை உண்டு. அதனை இல்லத்தார் தம் பொறுப்பைத் தட்டிக்கழித்தற்குப் பயன்படுத்துதலுங் கூடும். ஆகலின் விழிப்பு வேண்டும். எனினும், கேட்டு உடன்படுதல் என்னும் நெறி, கேளாது தடுத்தல் என்னும் நெறியினும் சிறந்ததே.

“அறிவே மறைப்புண்டார்க்கு என் செய்வது? தம் பெயரையும் மக்களையும் மறந்தார்க்கு இச்சை ஏது?” எனின், மறந்தது உயிரன்று, நினைத்தற்குரிய கருவி பழுதுற்றது என்க. பெயர் மறந்தவரும், கேட்டுப் பழகிய பாட்டுக்குத் தலையசைப்பர். ஒரு நிற ஆடையை ஏற்று மற்றொன்றை விலக்குவர். கடுஞ்சொற்கு அஞ்சுவர், இன்சொற்கு மலர்வர். இச்சை அங்கு உளதென்றற்கு இவையே கரி. நெதர்லாந்து நாட்டு வேஸ்ப் என்னும் ஊரில், மறதிநோயாளர்க்கென்றே ஹோகவேக் என்னுங் குடியிருப்பு 2009ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றது. அங்கு ஆறேழு பேர் ஒரு மனையாய் வாழ்கின்றனர். உணவு அம்மனையிலேயே சமைக்கப்படும். குடியிருப்பினுள்ளேயே தெருவும், சோலையும், கடையும், உணவகமும் உண்டு. வெளிவாயில் ஒன்றே காக்கப்படும். உள்ளே அவரவர் விரும்பியவாறு உலாவலாம். காவலையும் உரிமையையும் ஒருங்கு அமைத்தல் இயலும் என்பதற்கு அது சான்று. அறிவு குறையக் குறைய, உதவுவார் கேட்கும் முறை மாறல் வேண்டுமேயன்றிக் கேட்டலையே விடுதல் ஆகாது.

இனி, “மக்கள் பேணவேண்டிய பெற்றோரைக் கூலிக்குப் பேணுவாரிடம் விடுதலே அறமன்று, அதனுள் முறை ஆராய்தல் எதற்கு?” என்பார் உளர். பெற்றோரைப் பேணல் மக்கள் கடன் என்பதில் எமக்கும் ஐயமில்லை. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம், உணவு, உடை, உறையுள், மருத்துவம் ஆகியவற்றைப் பெற்றோர்க்கு அளிக்கும் பொறுப்பை மக்கள்மேல் வைத்துள்ளது. வறியராய முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லங்களை மாவட்டத்திற்கு ஒன்றேனும் அரசு படிப்படியாக அமைக்கலாம் எனவுங் கூறுகின்றது. ஆயின் மக்கட்பேறில்லாதார் உளர்; மக்கள் கடல்கடந்து வாழ்வார் உளர்; மக்களுக்குச் சுமையாதலை விரும்பாது தாமே தனித்து வாழ விரும்புவாரும் உளர். மேலும், மகன் மனையில் இருத்தல் ஒன்றே துணையாகிவிடாது. மூலையில் ஓர் அறை, வேளைக்கு உணவு, ஒரு தொலைக்காட்சிப் பெட்டி என்று அமைத்து, குடும்பத்தின் எவ்வொரு செய்தியிலும் கருத்துக் கேளாது வைத்திருக்கும் மனையும், யாம் மேலே கூறிய குற்றத்திற்கு உட்பட்டதே. சட்டங் கூறிய நான்கையும் அளந்து கொடுக்கலாம். கேட்டலை அளந்து கொடுக்க எச்சட்டமும் வல்லதன்று. இடம் யாதாயினும் ஆக, முறையே ஆராயத்தக்கது.

கூலி பெற்றுச் செய்வது தொண்டாமோ என்னும் ஐயமும் ஈண்டு நீங்கற்பாலது. திருக்கோயில்களிற் பணிசெய்வார்க்கு நெல்லும் நிலமும் வகுத்த கல்வெட்டுக்கள் பலவுள. ஊதியம் பெற்றமையால் அவர்பணி திருப்பணி ஆகாதொழிந்ததில்லை. வயிற்றுக்கு வேண்டுவது கிடைத்தாலன்றிப் பணியாளர்க்கு மனம் பணியில் நில்லாது. ஆகலின் கூலி குற்றமன்று. கூலி குறைத்தலே குற்றம். மற்று, வணிகம் மிகுந்தவழி நிகழ்வதும் அறியத்தக்கது. போர்ட்லாந்தில் தோன்றிய கருத்து நாடெங்கும் பரவியபோது, ஆதாயங் கருதிப் பலர் அதனுட் புகுந்தனர். பெயர் நின்றது, பல இடங்களிற் கருத்துத் தேய்ந்தது. அந்நாட்டில் இவ்வில்லங்கட்குரிய மாதக் கட்டணத்தின் நடுமதிப்பு 2024ஆம் ஆண்டிற் கணித்தபடி 5,900 டாலர். முதியோர்க்குரிய அரசு மருத்துவக் காப்பீடு இவ்வில்லங்களில் உறைதற்கும் உண்டற்கும் பொருள் கொடுப்பதில்லை. எனவே மக்களே பெரும்பாலும் பார்த்துத் தெரிந்தெடுக்கின்றனர். அவர் கண்ணைக் கவர்தற்கு முகப்பு மண்டபமும் நீரூற்றும் ஓவியமும் அமைக்கப்படுகின்றன. ‘என் தாய்க்கு இங்கே காவல் உண்டா’ என்று வினவுவார் பலர். ‘என் தாய் விரும்பியபடி இங்கே வாழலாமா’ என்று வினவுவார் சிலர். வினா எத்தன்மைத்து, அமைப்பும் அத்தன்மைத்தே ஆகும்.

முதியோர்பாலும் ஒரு கடமை உண்டு. கொடுத்துப் பழகிய கை கொள்ளுதற்கு நாணும். அந்நாணம் சிலரைச் சினத்தினும், சிலரை வாய்மூடிய துயரினும் செலுத்தும். உதவி பெறுதல் இழிவன்று. உயிர் எக்காலத்தும் உதவி பெற்றே வாழ்வது என்பதைச் சித்தாந்தம் உணர்ந்தார் நன்கறிவர். இளமையில் நம் கையும் காலும் நமக்கு உதவின. அவையும் நாம் ஆக்கிக்கொண்டன அல்ல, கொடுக்கப்பட்டனவே. முதுமையில் அக்கொடை பிறர் கையின் வழியாக வருகின்றது, அவ்வளவே வேற்றுமை. இதனை உணர்ந்தவர் உதவுவாரை முகமலர்ச்சியோடு ஏற்பர். ஏற்றலும் ஒரு கொடையாகும். அதனோடு, தம்மால் இயலும் ஒன்றைக் கைவிடாதிருத்தலும் அவர் கடன். திருநாவுக்கரசு சுவாமிகள் மூத்த பருவத்தும் உழவாரப்படையைக் கையினின்று விட்டாரிலர் என்பது நாம் அறிந்ததே.

இறுதியாக, மடங்களைச் சார்ந்த அன்பர்க்கு ஒன்று கூற விரும்புகின்றோம். பலர் கூடியுறைதல், ஒரே பந்தியில் உண்ணல், நாள்முறை வழுவாமை, மூத்தாரை இளையார் பேணல் ஆகியவை நம் மடங்களுக்குப் புதியனவல்ல. மூத்த தம்பிரான் ஒருவர் நடக்கமாட்டாத நிலையிலும், பூத்தொடுத்தலோ, ஏடு பார்த்துச் சொல்லுதலோ, இளையார்க்குப் பாடம் கேட்பித்தலோ ஆகிய ஒன்று அவர்க்கென வைக்கப்படுதல் நல்ல மரபு. அதனால் அவர் பேணப்படுவாராய் மட்டும் இராது, வேண்டப்படுவாராயும் இருக்கின்றார். முதியோர் இல்லம் அமைக்க முற்படும் அறநிலையத்தார் கட்டடத்திற்கும் கட்டிலுக்கும் பொருள் தேடுதற்கு முன், இம்மரபின் உட்பொருளைத் தேடுவாராக. அங்கு வரும் ஒவ்வொருவர்க்கும் பூட்டுதற்கொரு கதவும், தெரிந்தெடுத்தற்கொரு வேளையும், பேணுதற்கொரு செடியும், கேட்டு நடக்கும் ஒரு செவியும் உளவா என்று ஆராய்வாராக. இவை உளவாயின், எஞ்சிய வசதிகள் சில குறையினும் அவ்வில்லம் துணையில்லமாம். இவை இலவாயின், எத்துணை நிறைந்திருப்பினும் அது நல்லதொரு பண்டசாலையே. உயிர் பண்டமன்று, ஆகலின் அதற்கு வேண்டுவது உடனின்றுதவும் துணையே என்பது கடைப்பிடிக்க.